காதால் பந்து வீசியவள்

கழுத்தில் விசில் தொங்க, கையில் கிளவுஸ் இல்லாமல் அந்த மைதானத்தில் நான் நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. இடுப்பில் வைத்தால் சண்டைக்குப் போகிறவள் மாதிரி இருந்தது. பின்னால் கட்டினால் ஹெட்மாஸ்டர் மாதிரி இருந்தது. கடைசியில் விசிலையே பிடித்துக்கொண்டேன்.

"மேடம், ஆரம்பிக்கலாங்களா மேடம்?" என்று மைதானத்தின் நடுவிலிருந்து மேரி கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். முந்தின வாரம் வரை என்னை 'ஏண்டி அஞ்சல' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

"வாய மூடிட்டுப் பந்த போடுடி" என்றேன். கோச்சாக நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

மேரி எங்கள் அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவள். நான் கேட்சர். பேட்டருக்குப் பின்னால் குந்திக்கொண்டு அந்தப் பந்தைப் பிடிக்கிறவள். பல வருடங்கள் அவள் எறிந்தாள், நான் பிடித்தேன். என் முட்டி இரண்டும் போதும் என்று சொல்லிவிட்ட சமயத்தில், பழைய கோச் வேறு ஊருக்கு வேலை கிடைத்துப் போனார். கம்பெனி மேனேஜர் என்னைக் கூப்பிட்டு விசிலைக் கொடுத்தார். என் இடத்தில் வானூரிலிருந்து வந்த சுகன்யா என்ற பெண் குந்தியிருந்தாள்.

சுகன்யா கால்களுக்கு நடுவே மூன்று விரல் காட்டினாள். மூன்று என்றால் மெதுவான பந்து. மேரி தலையாட்டினாள். வந்ததோ வேகப் பந்து. அது சுகன்யாவின் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. "யம்மா" என்று கிளவுஸை உதறிவிட்டு எழுந்தாள்.

"மூணு காட்டுனேங்க்கா நானு."

"ஒண்ணுதாண்டி காட்டுன" என்றாள் மேரி.

"மூணுக்கா. அஞ்சலக்கா, நீங்க பாத்தீங்க இல்ல?"

நான் சுகன்யாவின் விரலைப் பார்க்கவில்லை. மேரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமும் அவளை எதிரிலிருந்து, மாஸ்க்கின் கம்பிகள் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். பக்கவாட்டிலிருந்து பார்ப்பது அன்றைக்குத்தான். சுகன்யா விரலைக் காட்டும்போது மேரி முகத்தை நேராக வைக்கவில்லை. தலையைச் சாய்த்து, இடது காதை முன்னே கொடுத்து நின்றாள். பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்கிறவள் நிற்பாளே, அப்படி.

விரல் காட்டினால் சத்தம் வருமா? எதை இவள் கேட்கிறாள்?

கிரிக்கெட் இல்லீங்க

இந்த இடத்தில் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறேன். போன வாரம், நான் வாராவாரம் எழுதுகிற இந்தத் தொடரைப் படித்துவிட்டு என் மாமியார் வழிச் சொந்தக்காரர் ஒருவர் போன் செய்தார். "ஏம்மா, நீ கிரிக்கெட்டுல விக்கெட் கீப்பரா இருந்தியாமே?" என்றார். இல்லீங்க, பேஸ்பால் என்றேன். "அதாம்மா, பேஸ்கெட்பால்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

பேஸ்பாலில் ஸ்டம்ப் கிடையாது. உருட்டுக்கட்டை மாதிரி உருண்டையான பேட். பந்து தரையில் குத்தாமல் நேராக வரும். அடித்துவிட்டு நான்கு மூலையையும் சுற்றி ஓடி வந்தால் ஒரு ரன். எந்தப் பந்து போட வேண்டும் என்று கேட்சர் சிக்னல் கொடுப்பாள். ஒரு விரல் என்றால் வேகம், இரண்டு என்றால் வளைகிற பந்து, மூன்று என்றால் மெதுவாக. பிட்சர் போடுவாள். இது தெரிந்தால் இந்த அத்தியாயத்துக்குப் போதும்.

பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் ஒரு சாக்குப் பை நிறைய சாமான்களைக் கொட்டி, யாருக்கு எது வேண்டும் என்று கேட்டபோது எல்லாரும் பேட்டுக்குப் பாய்ந்தார்கள். நான் மாஸ்க்கை எடுத்தேன். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. முகத்தை மூடுகிறது, நெஞ்சை மூடுகிறது, வெயில் படாது என்று நினைத்தேன். மரக்காணத்தில் உப்பளத்துக் கூலிக்குப் போகிற வீட்டில் பிறந்த பெண், வேறு எதை முதலில் நினைப்பாள்? உள்ளே போட்டுக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அது அடுப்பு.

அந்த அடுப்புக்குள் உட்கார்ந்தபடியே மாவட்டம், மாநிலம் என்று ஆடினேன். பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு கம்பெனி பெண்கள் அணி ஆரம்பித்தது. முதலாளி மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு இந்த ஆட்டத்தின் மேல் பைத்தியமாகத் திரும்பியிருந்தார். காலையில் பயிற்சி, மத்தியானம் ஆபீஸில் சில்லறை வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். ஒரே நிபந்தனை, ஆடுகிறவரைக்கும்தான் வேலை. நானும் மேரியும் ஒரே நாளில் சேர்ந்தோம். எங்கள் இரண்டு வீடுகளிலும் பொங்கல் கழிந்ததும் உப்பளத்துக்குக் கிளம்பாத முதல் பெண்கள் நாங்கள்தான். மேரியின் அம்மா அதை நம்பவே இல்லை. "பந்து எறியறதுக்கா காசு குடுக்கறாங்க? நல்லா விசாரிச்சியா?" என்று என்னிடம் தனியாகக் கேட்டார்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த மைதானத்தை விட்டால் மேரிக்குப் போக வேறு இடம் இல்லை. மைதானத்தின் வேலியைத் தாண்டினால் உப்பளம்.

பலகைச் சத்தம்

உப்பளத்தில் வெயில் இரண்டு தடவை அடிக்கும். மேலிருந்து ஒரு தடவை, உப்புத் தண்ணீர் தேங்கிய பாத்தியில் பட்டுக் கீழிருந்து ஒரு தடவை. அதனால் உப்பு வாருகிற பெண்கள் நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக் குனிந்தபடியே இருப்பார்கள். இந்த வரப்பில் ஒருத்தி, அந்த வரப்பில் ஒருத்தி.

எங்கள் பாத்தியில் பேச்சுக்குப் பதிலாகப் பலகைதான். நீளக் கம்பில் கோத்த பலகையால் தண்ணீரை ஒரு அடி அடித்தால் 'இழு' என்று அர்த்தம். இரண்டு அடித்தால் 'நில்'. மூன்று அடித்தால் யாரோ வருகிறார்கள், அநேகமாக முதலாளி. தலை தூக்காமலே ஒரு நாள் வேலை முடிந்துவிடும். மேரியும் நானும் விடுமுறை நாட்களில் எதிரெதிர் வரப்பில் நின்று இப்படி வாரியிருக்கிறோம். காது பழகிவிட்டால் கண் வேண்டாம்.

கம்பெனி அணியில் சேர்ந்த புதிதில் மேரி என்னிடம் சொன்னாள்: "விரல் காட்டறது எனக்கு ஒத்து வரலடி. நீ கிளவுஸ்ல தட்டு. பாத்தியில தட்டுவோமே, அப்டி."

எனக்கு அது பிடித்துப் போயிற்று. ஊர் பாஷை என்று பெருமைகூட. ஒரு ஒப்புக்கு விரலும் காட்டுவேன், கூடவே முஷ்டியால் கிளவுஸில் தட்டுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. கேட்சர்கள் எல்லாருமே கிளவுஸைத் தட்டிக்கொண்டுதான் இருப்பார்கள் என்பதால் எதிர் அணிக்குச் சந்தேகம் வராது. ஒரு கேப்டன் மட்டும், "அந்தக்கா சும்மா தட்டிக்கினே இருக்காங்க, பேட்டிங் பண்றவங்களுக்கு டிஸ்டர்பா இருக்குது" என்று அம்பயரிடம் புகார் சொன்னாள். தூசி தட்டுகிறேன் என்றேன்.

அப்படித்தான் ஜெயித்தோம். பத்திரிகையில் ஒரு தடவை எங்கள் போட்டோவும் வந்தது. அதில் என் முகம் மாஸ்க்குக்குள் இருந்தது.

சிவந்த கண்

பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு மேரியை நிறுத்திவைத்தேன். நானே கிளவுஸை மாட்டிக்கொண்டு குந்தினேன். முட்டி இரண்டும் திட்டின.

"ஒரே ஒரு பந்து. விரல பாத்துப் போடு."

தட்டாமல் இரண்டு விரல் மட்டும் காட்டினேன். மேரி காதைச் சாய்த்துக் காத்திருந்தாள். நேரம் போயிற்று. பிறகு கையைக் கீழே போட்டாள்.

"தட்டுடி" என்றாள்.

"தட்ட மாட்டேன். எத்தன விரல்?"

அவள் கண்ணை இடுக்கினாள். நான் எழுந்து பாதி தூரம் நடந்து போய் அதே விரல்களை நீட்டினேன். அப்போதும் இடுக்கியபடியே நின்றாள். பக்கத்தில் போய் நின்ற பிறகு, "ரெண்டு" என்றாள். அவளுக்கு உதடு நடுங்கியது.

தொப்பியை எடுத்துவிட்டு அவள் கண்ணைப் பார்த்தேன். மூக்கு ஓரத்திலிருந்து மெல்லிய சதை ஒன்று வளர்ந்து, கருவிழியின் மேல் ஏறியிருந்தது. இரண்டு கண்ணிலும்.

எப்படி இது எனக்குத் தெரியாமல் போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். அணியில் இருந்த வெளியூர்ப் பெண்கள் கேட்டார்கள். எங்கள் தெருவில் வந்து பாருங்கள், புரியும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கண் சிவப்புதான். மேரியின் அம்மாவுக்கும் அந்தச் சதை உண்டு, என் பெரியம்மாவுக்கும் உண்டு. அதை ஒரு நோய் என்று யாரும் சொன்னதில்லை. கையில் காய்ப்பு இருக்கிற மாதிரி, பாதத்தில் வெடிப்பு இருக்கிற மாதிரி, அதுவும் உடம்போடு இருக்கும் என்றுதான் வளர்ந்தோம். கண் வெள்ளையாக இருந்தால்தான், "இன்னா, ஒடம்பு சொகமில்லையா?" என்று கேட்போம். மேரி வெளியூர்க்காரியாக இருந்திருந்தால் முதல் மாதமே கண்டுபிடித்திருப்பேன்.

"எப்பலேருந்துடி?"

"தெரியல. கொஞ்சம் கொஞ்சமா. கிட்ட எல்லாம் நல்லாத்தான் இருக்குது. தூரத்துலதான் மஞ்சு மூடுன மாதிரி."

"பின்ன எப்படி நேரா போட்ட இத்தன வருஷமா?"

"நீ தட்டுவ இல்ல? அந்தச் சத்தத்துக்குத்தான் போடுவேன்" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். கோச் அழக்கூடாது என்றெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு மேரி என்னை போனில் பிடித்துத் திட்டுவாள். இந்தத் தொடரை வாராவாரம் முதலில் படிக்கிறவள் அவள்தான். 'நீ அழுதத எழுது, நான் ஒதடு நடுங்குனத ஏன் எழுதின' என்பாள். நடுங்கியது மேரி. நான் பார்த்தேன்.

நீயே உட்காரு

அடுத்த வாரம் சென்னை அணியோடு எங்கள் மைதானத்திலேயே பெரிய மேட்ச். மேரி கணக்குப் போட்டுவைத்திருந்தாள். கோச்சே ஆட்டக்காரியாகவும் பெயர் கொடுக்க விதி இடம் கொடுத்தது.

"நீயே உக்காரு அஞ்சல. ஒரே ஒரு மேட்ச். ஒன் முட்டிக்கு நான் எண்ண தேச்சு உடறேன். நீ தட்டு, நான் போடறேன். ஜெயிச்சிடலாம். அப்பறம் மேனேஜருகிட்ட பேசி ஆப்ரேசன் பண்ணிக்கறேன்."

ஆசையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். மறுபடி அந்த மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, அவள் பந்து கிளவுஸில் வந்து அறைகிற அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்குப் பேராசையாக இருந்தது. மூன்று நாள் அதை யோசித்தேன்.

மேனேஜரிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். ஆட முடியாத ஒருத்திக்குச் சிகிச்சை முடியும் வரை வேலை இருக்குமா என்று கேட்டேன். அவர் மோசமான ஆள் இல்லை. "இந்த மேட்ச்ச ஜெயிச்சிக் குடுங்கம்மா. அந்தச் சந்தோஷத்துல நான் மொதலாளிகிட்ட போய் நிக்க முடியும். தோத்துட்டு நின்னா டீமையே வேணாம்னுவாரு" என்றார்.

எந்தப் பக்கம் போனாலும் இடித்தது. மேரி ஆடினால் ஜெயிக்கலாம், வேலை தங்கும். அவளை உட்காரவைத்தால் தோற்கலாம். வேலை போனால் அவள் நேராக வேலியைத் தாண்டி உப்பளத்துக்குத்தான் போவாள். அந்த வெள்ளை வெளிச்சம் மிச்சக் கண்ணையும் தின்றுவிடும்.

ஆனால் பேஸ்பாலில் பிட்சர்தான் அடிக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறவள். பந்தை எறிந்து முடித்ததும் உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும், முகம் நேராக பேட்டைப் பார்த்திருக்கும். பேட்டர் நடுவில் வைத்து அடித்தால் போன பந்து அதைவிட வேகமாகத் திரும்பி வரும். அவளுக்கு மாஸ்க் கிடையாது, கவசம் கிடையாது. கண் மட்டும்தான் உண்டு. நான் கிளவுஸைத் தட்டினால் மேரியால் எறிய முடியும். திரும்பி வருகிற பந்து தட்டிவிட்டு வராது.

மேட்ச்சுக்கு முந்தின நாள் சாயங்காலம் சொன்னேன்.

"நீ இல்லடி. கவிதா போடுவா."

கவிதா கிளியனூர்ப் பெண். நல்ல கை, ஆனால் புதுசு.

"இத்தன வருஷம் எம் பந்த புடிச்சவ நீ" என்றாள் மேரி. பிறகு, "விசில் குடுத்தாங்க இல்ல, அதான்" என்றாள். போய்விட்டாள்.

அவள் என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஐந்தாவது இன்னிங்ஸ்

அந்த மேட்ச்சில் தோற்றோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசி வரை சமமாக வந்து தோற்றோம். மேரி போட்டிருந்தால் ஜெயித்திருப்போம் என்று மேனேஜர் சொன்னார். ஆமாம் சார் என்றேன். அதற்கப்புறம் அவர் முதலாளியிடம் போய் நின்றதும், மேரியைச் சாமான் அறைக்கு மாற்றியதும், ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன் நடந்ததும் தனிக்கதை. வெயிலில் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவள் திரும்பவும் ஆடவே இல்லை. அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. அவளுக்கு எவ்வளவு வலிக்கும் என்று நான் கேட்டதில்லை.

நான் சொல்ல வந்தது அன்றைக்கு ஐந்தாவது இன்னிங்ஸில் நடந்தது.

மேரி மேட்ச்சுக்கு வந்திருந்தாள். வர மாட்டாள் என்று நினைத்தேன். முழு யூனிஃபார்ம், ஆணி ஷூ இறுக்கிக் கட்டியிருந்தது, மடியில் கிளவுஸ். யாரோடும் பேசாமல் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். எந்த நேரமும் நான் மனம் மாறிக் கூப்பிடுவேன் என்று தயாராகவே வந்திருக்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பாமல் நின்றேன்.

மத்தியான வெயில். வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திகள் எல்லாம் பளபளவென்று அடித்தன. சென்னை அணியில் உயரமான ஒரு பெண் பேட்டோடு வந்து நின்றாள். கவிதா வேகப் பந்து போட்டாள். பேட்டின் நடுவில் பட்டது. அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது, முழு அடி.

பந்து நேராகக் கவிதாவின் முகத்துக்குத் திரும்பி வந்தது. அவள் பார்த்துவிட்டாள். தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தொப்பி மட்டும் பறந்தது. இரண்டு அணியும் சேர்ந்து அலறின. அம்பயர் ஓடினார். கவிதா கையைத் தூக்கி, ஒன்றுமில்லை என்று காட்டினாள்.

மேரி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். முந்தின நாளுக்குப் பிறகு அப்போதுதான் என்னிடம் பேசினாள்.

"இன்னா ஆச்சு? ஏன் கத்தறாங்க?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"சொல்லுடி. கேட்ச்சா? அவுட்டா?"

"பந்து திரும்பி வந்துச்சு மேரி. கவிதா மூஞ்சிக்கு."

"எப்ப?"

"இப்பதான்."

"நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்" என்றாள்.

கவிதா எழுந்து தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பட்டுச்சா?"

"இல்ல. ஒதுங்கிட்டா."

"எங்க வந்துச்சு?"

நான் விரலை எடுத்து அவள் இரண்டு புருவத்துக்கும் நடுவில் வைத்தேன். "இங்க" என்றேன்.

அவள் என் விரலைத் தட்டிவிடவில்லை. பிறகு பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, குனிந்து, ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.